மூன்று பேராகத்தான் நின்றோம்

என் பிரியமுள்ள ரேவதி அப்பாவுக்கு,

நேற்றுக் காலையில் நாங்கள் படம் எடுத்துக்கொண்டோம். கனகக்குன்னு மைதானத்தில், பெரிய மரத்தடியில், நான், ரேவதி, முத்து. நாலாவது ஆள் யார் என்றுதானே முதல் கேள்வி கேட்பீர்கள்? யாரும் இல்லை. மூன்று பேராகத்தான் நின்றோம். பதறாதீர்கள், முழுசாகக் கேளுங்கள்.

உங்களுக்குத்தான் அந்தக் கிறுக்கு இருந்ததே! மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது என்று யார் சொல்லிக் கேட்டீர்களோ, அதைக் கடைசி வரை விடவில்லை. கல்யாண வீட்டில் எங்கே மூன்று பேர் வரிசையாக நின்றாலும் ஓடிப்போய் நாலாவதாக நிற்பீர்கள். முன்பின் தெரியாதவர்களின் ஆல்பத்தில்கூடப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். நான் மொபைலைப் பிடிக்க, நீங்களும் பிள்ளைகளுமாக நிற்கும்போது மட்டும் ஆள் குறையும். உடனே வழியில் போகிறவரைக் கையைப் பிடித்து இழுப்பீர்கள். வேளி கடற்கரையில் எடுத்த படத்தில் நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு கடலைக்காரர் முழித்துக்கொண்டு நிற்கிறாரே, மறந்துவிட்டீர்களா?

உங்களுக்குப் பிறகு நாங்களே மூன்று பேராகிவிட்டோம். இரண்டு வருஷமாக வீட்டில் ஒரு படம் கிடையாது. நான் அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் மீறவும் மனசு வரவில்லை. முத்துவோ, யாராவது மொபைலைத் தூக்கினாலே எழுந்து போய்விடுவான். மீசை அரும்புகிற வயசு, வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்!

ரேவதி வேலைக்குப் போகிறாள், தெரியுமா? கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி, பெரிய கண்ணாடிக் கட்டடம். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் தரையைத்தான் பார்த்தாளாம், டைல்ஸ் எங்காவது ஏறி இறங்கிக் கிடக்கிறதா என்று. "அப்பா பதிச்ச மாதிரி இல்லம்மா, ரெண்டு எடத்துல மட்டம் போயிருக்கு" என்று வந்து சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு நிறைவு.

அவள்தான் ஓண லீவுக்கு அரை மணி நேரம் படம் எடுக்க ஒரு பெண்ணிடம் சொல்லிவைத்தாள். "எம்மா, ஊரே எடுக்கு. நாம மட்டும் எதுக்கு எடுக்காம இருக்கணும்?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படமெடுக்கிற பெண் மலையாளத்தில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். கட்டம் போட்ட சட்டை வேண்டாம், எல்லோரும் ஒரே நிறத்தில் வர வேண்டாம், கடிக்கிற புதுச் செருப்பு வேண்டாம், பசியோடு வராதீர்கள், வெயில் ஏறும் முன்னே ஏழு மணிக்கு நிற்க வேண்டும். சாலைக் கடைத்தெரு ஜவுளிக்கடையில் பொழுதெல்லாம் சேலை எடுத்துப் போடுகிற எனக்கு நிறம் பார்க்கக் கற்றுத் தருகிறாளாக்கும்! ஆனாலும் சொன்னதைக் கேட்டேன். எனக்கு இலைப்பச்சை, ரேவதிக்கு மஞ்சள், முத்துவுக்கு நீலச் சட்டை. மூன்றையும் ஜன்னலோரம் நாற்காலியில் போட்டு, தள்ளி நின்றும் கிட்டே நின்றும் பார்த்தேன். கடையில் ஒரு கல்யாணக் கூட்டத்துக்கே அரை நாளில் எடுத்துக் கொடுப்பவள், மூன்று பேருக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். முடிவெட்டப் போன உங்கள் மகன் காதுக்கு மேலே ஒரு பக்கம் மட்டும் மழித்துவிட்டு வந்து நின்றான். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

நேற்றுக் காலை ஆறரை. இட்லி சாப்பிட்டாயிற்று. ரேவதி ஆட்டோ பிடிக்க இறங்கினாள். முத்து மட்டும் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கிடுங்க. நான் வரல."

"ஏம்லே? மூணு தடவ தேச்சிருக்கேன், இன்னும் சுருக்கம் போகலியா?"

அவன் நிமிரவே இல்லை. "சங்குமுகம் பீச்சுல நான்தானம்மா அப்பாவ நடுவுல நிக்கச் சொன்னேன்."

சங்குமுகத்தில் எடுத்ததுதான் உங்களுடைய கடைசிப் படம். அன்றும் நாலாவது ஆளைத் தேடித்தான் கழுத்தை நீட்டினீர்கள். "எப்பா, மானம் போகுது, யாரையும் கூப்பிடாதீங்க" என்று உங்கள் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினான். ஒரு மாதம் தாண்டவில்லை, நீங்கள் போய்விட்டீர்கள். பதிமூன்று வயசுப் பிள்ளை அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு வருஷமாக என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லவில்லையே! சொல்லுகிற மாதிரி நான் வீட்டை வைத்திருந்தேனா?

உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் மேல் வந்தது அதைவிடப் பெரிசு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"லே மக்கா, இங்க பாரு. அந்தப் படம் எடுக்கதுக்கு மூணு மாசத்துக்கு முன்னாலயே ஒங்கப்பாவுக்கு நெஞ்சுல அடைப்பு இருக்குன்னு டாக்டர் சொல்லியாச்சு. ஒடனே வந்து அட்மிட் ஆகச் சொன்னாரு. கையில உள்ள டைல்ஸ் வேல முடியட்டும்னு அப்பா தள்ளிக்கிட்டே போனாரு. பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. நானும் வாயத் தெறக்கல. படத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

திரும்பிப் பார்த்தால் ரேவதி வாசலில் நிற்கிறாள். ஆட்டோ வந்துவிட்டது என்று சொல்ல வந்தவள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். உங்களுக்குச் செய்த சத்தியத்தை மீறிவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

முத்து அழவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்: "நீ எதையாச்சும் ஒளிச்சு வச்சிருக்கியாம்மா?"

வகையாக மாட்டிக்கொண்டேன். கடையில் இரண்டு தடவை தலைசுற்றி உட்கார்ந்ததையும், டாக்டர் எழுதித் தந்த டெஸ்ட் சீட்டு இரண்டு மாதமாகப் பர்சிலேயே கிடப்பதையும் சொன்னேன். ரேவதி திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினாள். சீட்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். முத்து சட்டையை மாட்டினான். "வாங்க, ஆட்டோக்காரர் கத்துவாரு" என்று முன்னால் இறங்கிப் போனான். இந்தப் பிள்ளைகளையா நாம் எதையும் தாங்க மாட்டார்கள் என்று நினைத்தோம்?

மைதானத்தில் நடந்த கூத்தைக் கேளுங்கள். மரத்தடியில் நிற்கச் சொன்னதும் நான் விறுவிறுவென்று நடுவில் போய் நின்றேன். நம்பிக்கை இல்லைதான், ஆனாலும் எதற்கு வம்பு, என்னோடு போகட்டும் என்று. ரேவதி என்னை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டு நடுவில் வந்தாள். அவளை முத்து தள்ளினான். நான் மறுபடி அவனைத் தள்ளினேன்.

"சேச்சி, எல்லார்க்கும் நடுக்கு நிக்கணோ? வெயில் வருந்நு!" என்று அந்தப் பெண் சத்தம் போட்டாள். படத்தில் எடுப்பாகத் தெரிவதற்காகச் சண்டை போடுகிறோம் என்று நினைத்திருப்பாள், பாவம்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யார் எதற்காக இடிக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. வந்ததே சிரிப்பு! உங்களுக்குப் பிறகு நாங்கள் மூவரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததே இல்லை.

சிரித்து முடித்ததும் முத்து என்னை ஒரு பக்கமும் அக்காவை ஒரு பக்கமும் நிறுத்தி, நடுவில் வந்து நின்றான். இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம் உங்கள் மகன்.

"லே, பயமா இல்லியா?" என்று காதுக்குள் கேட்டேன்.

"கொஞ்சம் இருக்கு" என்றான். இரண்டு கைகளையும் எங்கள் தோளில் போட்டான். "நடுவுல நின்னாத்தானம்மா ரெண்டு பேரையும் பிடிச்சிக்க முடியும்."

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் எடுத்துவிட்டாள். படத்தில் என் முகம் அழுகையில் கோணிப் போயிருக்கிறது. ரேவதி கண்ணை மூடியிருக்கிறாள். அவன் ஒருவன்தான் நேராகப் பார்த்து நிற்கிறான். இன்னும் நாற்பது படம் நன்றாக வந்திருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பெருமையாக இருக்கிறது, ரேவதி அப்பா. பிள்ளைகளை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறோம், நம்மையும் மீறி.

ஓணம் கழிந்து திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், மூன்று பேராக. டாக்டர் என்ன சொன்னாலும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் கேட்பேன். வெளியே போய் நில்லுங்கள் என்று சொல்ல மாட்டேன். இது நான் உங்களுக்குச் செய்கிற சத்தியம். இதை மீற மாட்டேன்.

ரேவதிக்கும் முத்துவுக்கும் அம்மா,
உங்கள் வீட்டுக்காரி
பகவதி