ஃபயர் வண்டிக்கு வழிவிட்ட அந்தோனியார்

ஜூலை 7, திங்கள்

விடியவே மழை. எட்டு மணிக்கு வெயில். காயப்போட்ட உடுப்பு இரண்டு தரம் நனைந்து இரண்டு தரம் காய்ந்தது.

இன்று கோயில் மண்டபத்தில் பொம்பிளைகளுக்கு வகுப்பு. ஃபயர் ஸ்டேஷன் ஆட்கள் வந்து நடத்தினார்கள். கேஸ் சிலிண்டர் பற்றினால் என்ன செய்வது என்று. எங்கள் ஒழுங்கையிலிருந்து பதினொரு பேர், கிராண்ட்பாஸ் பக்கமிருந்தும் சிலர். ஃபயர் ஆட்களில் பெரியவர் பெயர் நிமல். சிங்களவர். தமிழ் பிழைபிழையாகக் கதைப்பார், வெட்கமே இல்லை. நல்ல மனிதர். எல்லாரும் மரியாதையாக மாத்தயா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சிலிண்டரைப் பற்றவைத்துவிட்டு, "யாரு அணைக்கிறது?" என்றார். ஒருத்தியும் அசையவில்லை. நான்தான் போனேன். ஈரச்சாக்கைக் கையில் எடுத்து, சிலுவை போட்டு, அந்தோனியாருக்கு ஒரு சின்ன மன்றாட்டு சொல்லத் தொடங்க, நிமல் கத்தினார்:

"அன்டி, அன்டி! முதல் சாக்கு. பிறகு ஜெபம்!"

மண்டபமே சிரித்தது. சிரிக்கட்டும். போர்த்தினேன், அணைந்தது.

மறக்கக் கூடாது:
- சாக்கு அடுப்படியிலேயே இருக்க வேண்டும். பக்கத்தில் வாளித் தண்ணீர்.
- நம் கை மறையப் பிடித்து, முன்னுக்குத் தள்ளிப் போர்த்துவது.
- பிறகு சிலிண்டர் திருகியை மூடுவது.
- எண்ணெய்த் தாச்சி பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. (இவ்வளவு நாளும் நான் ஊற்றுகிறவள்.)

மத்தியானம் நெத்தலிப் பொரியல். தாச்சியைப் பார்க்கவே பயம்.

ஜூலை 8, செவ்வாய்

அந்தோனியார் நாள். காற்று. மெழுகுதிரி நிற்கவில்லை.

நாலு மணிக்கு நிமல் மாத்தயா அளவு நாடாவோடு வந்தார். ஒவ்வொரு சந்து, ஒழுங்கையாகப் பார்க்கிறார்களாம், வண்டி போகுமா என்று. எங்கள் ஒழுங்கை வாசலில் அளந்தார். திரும்ப அளந்தார். நாடாவைச் சுருட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற அந்தோனியார் சிலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பே, அன்டி. பே."

முடியாது என்கிறார். அகலம் ஒன்றேகால் அடி காணாதாம். அந்த ஒன்றேகால் அடி அந்தோனியாருடைய பீடம்.

அந்தச் சுருவக் கூட்டை நான்தான் கட்டுவித்தேன். இவர், என் மனுசன், ஆஸ்பத்திரியிலிருந்து தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்த வருடம், நேர்த்திக்கு. பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்துச் சிலுவை போட வேண்டும் என்று பெரிய ரோட்டைப் பார்க்க வைத்தது. படிக்கட்டும் நான் சொல்லித்தான். கட்டினது பக்கத்து வீட்டு ஃபரீத் நானா, கூலியும் வாங்கவில்லை.

சத்தம் கேட்டு நானாவும் வந்துவிட்டார். "நான் அண்டைக்கே சென்னேன் தானே அக்கா, உள்ளுக்கு வெப்போம் எண்டு. நீங்க கேட்டீங்களா?"

எனக்குக் கோபம். "அவர் நிக்கிற ஒழுங்கையில நெருப்பே வராது" என்றேன்.

நிமல் மாத்தயா தலையை ஆட்டினார். "சரி அன்டி. ஆனா அவர் பிஸி எண்டா?"

அணைந்த மெழுகுதிரியைத் திரும்பக் கொளுத்தினேன். 

உடைக்கச் சொல்லவில்லை. நாளைக்கு வண்டி கொண்டுவந்து செய்து பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். செபமாலையில் மனம் நிற்கவில்லை.

ஜூலை 9, புதன்

வண்டி வந்தது. சிவப்பு, பளபளவென்று. பீடத்துக்கு முன்னால் நின்றது. அங்காலே ஓர் அங்குலமும் போகாது. ஆட்கள் குதித்துக் குழாயைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கடைசி வீடு வரைக்கும் தண்ணீர் போக எவ்வளவு நேரம் என்று பார்க்கவாம்.

கடைசி வீடு ரெஜினா அக்காவுடையது. சீனி வியாதியில் ஒரு கால் எடுத்தாயிற்று, சக்கர நாற்காலி. மகள் வெள்ளவத்தையில் வேலைக்குப் போனால் பின்னேரம் வரை தனிய. நானும் அவளும் சண்டை போடாத கிழமை இல்லை, கறி கொடுத்து வாங்காத நாளும் இல்லை.

என் கையில் செபமாலை. மற்றவர்கள் மணிக்கூடு பார்த்தார்கள், நான் அருள் நிறைந்த மரியே சொல்லி எண்ணினேன். ஒரு குழாயின் நீளம் போதாமல் இன்னொன்று பூட்டினார்கள். வளைவில் யாருடையதோ மோட்டார் சைக்கிளில் சிக்கியது. ரெஜினா வாசலில் தண்ணீர் விழும்போது நாற்பத்தொன்று.

நாற்பத்தொரு அருள் நிறைந்த மரியே. ஒற்றைக் காலோடு அவள் இருக்க.

அவளோ மடியில் சவர்க்காரத்தோடு இருந்தாள். "எடி மெட்டில்டா, குளிப்பம் எண்டு காத்திருந்து காத்திருந்து தலையே நரைச்சுப்போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும். வீட்டுக்கு வந்தபிறகு அழுகை.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமிப் போயா. கடை பூட்டு. மரக்கறி மட்டும்.

அந்தோனியார் சுருவத்தை எப்படி அசைப்பது? ஃபாதர் மந்திரித்து வைத்தது. கிரைண்டர் வைத்து வெட்டித் தூக்குவதற்கு அதென்ன இரும்புக் கேட்டா? யாரும் கை வைத்தால் பார்க்கலாம் என்று அடுப்படியில் நின்று கத்தினேன். ஒருவரும் கை வைக்க வரவில்லை, அது வேறு.

இவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்த மனிதர், ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தை கதைத்தால் அதிகம்.

"அவர் ரோட்டைப் பாக்கிறார்" என்றார்.

"ஓம். அதுக்கென்ன?"

"ரெஜினாவுக்கு முதுகு."

திரும்பவும் வெங்காயம். மூன்று வருடம் அந்த முதுகை நானே துடைத்திருக்கிறேன். ஒரு நாளும் யோசிக்கவில்லை.

பின்னேரம் ஃபாதரிடம் போனேன். மூச்சு விடாமல் எல்லாம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "கல்லறை வாசலில கிடந்த கல்லே புரண்டது அன்டி. இதென்ன பெரிய கல்?" என்றார். ஆனால் மரியாதையாகப் பவனி வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். அது நியாயம்.

எங்கே வைப்பது? ஒழுங்கை முழுக்கப் பார்த்தேன். இடம் இருக்கிறது ஒரே ஒரு மதிலில். ரெஜினாவுடையது. வேறு எங்கேயும் இல்லையா ஆண்டவரே.

கேட்டேன். "வரச் சொல்லு. வாடகை கேக்கமாட்டன்" என்றாள். முகத்தில் அந்தச் சிரிப்பு.

ஜூலை 12, சனி

ஃபரீத் நானா ரெஜினா மதிலில் மாடம் கட்டி முடித்தார். அளவாக, வெளியே நீட்டாமல். படிக்கட்டு கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது.

எனக்கு உண்மையில் கவலை. பஸ்காரர்கள் இனிப் பார்க்கமாட்டார்கள். அது என் பெருமைதான், அந்தோனியாருடையது இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

நாளைக்கு: வெள்ளைச் சீலை, கற்பூரம் வேண்டாம் (ஃபயர் ஆட்கள் நிற்பார்கள்), பட்டிஸ் எழுபது, இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணீர்.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல வெயில். பூசை முடிந்து பத்து மணிக்குப் பவனி.

சுருவத்தைத் தூக்க வந்தது யார்? யூனிஃபார்மோடு நாலு ஃபயர் ஆட்கள். நிமல் மாத்தயாவும் ஒருவர். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தூக்கினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தோனியாரைக் கொண்டுபோய் ரெஜினா மதிலில் வைத்தோம். ஒழுங்கை வாசலில் ஃபரீத் நானா இரும்புச் சுத்தியலால் பீடத்தை அடித்தார். முதல் அடி எனக்கு நெஞ்சில் விழுந்தது. அவர் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பிஸ்மில்லா சொன்னது கேட்டது. கல்லெல்லாம் அள்ளினதும் வண்டி உள்ளே வந்தது. மெதுவாக, மேலே சிவப்பு விளக்கு சுற்ற, இந்த ஒழுங்கையில் முதல்தரம். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம். வளைவில் எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். ரெஜினா வாசலில் வந்து நின்றது.

கைதட்டல். ரெஜினா அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது காலெடுத்த அன்றைக்குக்கூட இல்லை.

பிறகு வண்டி பின்னுக்குப் போக வேண்டும். ஒழுங்கை முழுக்க டிரைவருக்கு வழி சொன்னது. வலது என்று பாதி, இடது என்று பாதி, தமிழில், சிங்களத்தில். டிரைவர் தலையை வெளியே போட்டு, "அன்டி மட்டும் சொல்லுங்க! மத்த ஆள் எல்லாம் வாயை மூடுங்க!" என்றார். ஆகவே நான்தான் சொல்லி வெளியே எடுத்தேன். மதிலில் ஒரு கீறல் இல்லை.

பட்டிஸ் எழுபதும் போதாமல் போய்விட்டது. இவருக்கு ஒன்று ஒளித்து வைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

மழை இல்லை. ஆறு மணிச் செபமாலை முதல்தரம் ரெஜினா வாசலில். அரை மணித்தியாலம் முன்னமே ஆள் அனுப்புகிறாள், பிந்தி வர வேண்டாமாம். எனக்கு! தொடங்கினதும் அவள்தான், வழக்கமாக நான். என்ன அவசரமோ, பஸ் பிடிக்கிற மாதிரிச் சொல்கிறாள். மூன்றாம் தேவ இரகசியத்தில் ஒரு மணியை விட்டும்விட்டாள். நான் வாய் திறக்கவில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், காய்ச்சலா என்று.

ரோட்டிலிருந்து இரண்டு பேர் தேடிக்கொண்டு உள்ளே வந்தார்கள். "அந்தோனியார எங்க கொண்டுபோனீங்க?" பஸ்ஸில் போகிறவர்களாம். இறங்கி நடந்து வந்து மெழுகுதிரி கொளுத்தினார்கள்.

நாலாம் இரகசியத்தில் சைரன். எல்லாரும் திரும்பினோம். ஒழுங்கை வாசலில் இப்போது மறைப்பு இல்லை. வண்டி முழுசாகத் தெரிந்தது, ஹெந்தளைப் பக்கமாகப் போனது. எங்களுக்கில்லை. வேறு ஆருக்கோ.

ரெஜினா மணியை நிறுத்தினாள். "ஆருடைய வீடோ. அவையளுக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவம். மெட்டில்டா, நீ சொல்லு. ஆறுதலாச் சொல்லு."

சொன்னேன்.