ஐந்தாவது கமரா

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

இன்று மாலை எங்கள் கூட்டுறவுத் தேயிலை ஆலையின் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் குருதி வழிந்தது. நிறை குறைந்ததென்று மூண்ட சண்டையில் எவனோ தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் கணக்கப்பிள்ளையின் தோளைப் பிளந்துவிட்டான். அவர் நினைவின்றிக் கிடக்கிறார். பார்த்தவர் எவரும் வாய்திறக்கவில்லை. கத்தியைப் பாய்ந்து பறித்த தொழிலாளி செல்வத்தையே, வெட்டியவன் என்று காவலர் அடித்து இழுத்துச் சென்றனர்.

கொட்டகைக் கமரா செத்துக் கிடந்தது.

ஆலைக் கமராக்களை இணைக்கும் வலையமைப்பு ஆளி (சுவிட்ச்) வாங்கிய அன்றே மாவனல்லைக் கடைக்காரர் நஸீர் எச்சரித்தார். "தலைவரே, இந்தச் சுவிட்ச் நாலு கேமராவுக்குத்தான் கரண்ட் குடுக்கும். அஞ்சாவது மாட்டினா ஒன்னு நின்னுரும். பெருசா எடுங்க." நான் சிறியதையே எடுத்தேன். சென்ற கிழமை, என் உரைகளைப் பதிவதற்காக ஆலை மன்ற மேடையில் ஐந்தாவதையும் மாட்டுவித்தேன்.

செல்வத்தின் மனைவி மலர் என் சட்டையைப் பற்றி உலுக்கினாள். "கேமரா எல்லாத்தையும் பாத்துக்கும்னு மேடையில கத்துனீங்களே, இப்ப போட்டுக் காட்டுங்க!"

போட்டேன். அந்நேரத்துப் பதிவில் நான் மட்டுமே, மேடையில் கை ஓங்கி முழங்கிக்கொண்டிருந்தேன். மலர் திரையில் தெரிந்த என் முகத்தின்மேல் காறித் துப்பினாள்.

அதை நான் இன்னும் துடைக்கவில்லை.