மூன்று பக்கம் கண்ணாடி

மருதமலையான் துணை

வடவள்ளி,
1.2.1995

அன்புள்ள மருமகள் சாந்தாமணிக்கு அத்தை எழுதிக்கொண்டது.

தை அமாவாசையன்று குலதெய்வக் கோயிலில் பூக்கேட்டோம். அப்போது இருந்தவர்கள்: நான், உன் மாமா, மகன் அருள்குமார், பூசாரி சென்னியப்பன், உன் மகள் அக்ஷயா. வேறு ஒருவரும் இல்லை. நாளைக்கு யாரும் வந்து அப்படியாம் இப்படியாம் என்று பேசக்கூடாதல்லவா? அதனால் என் நோட்டிலும் இதை இப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

கேட்க வேண்டியதை வழக்கம்போல் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். பூசாரி வெள்ளை அரளி ஒரு பொட்டலமும் சிவப்பு அரளி ஒரு பொட்டலமுமாக இலையில் கட்டி அம்மன் காலடியில் போட்டார். பாப்பாவை ஒன்று எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தது. வெள்ளை வந்தால் சம்மதம் என்பது உனக்கே தெரியும்.

"அம்மன் சரீன்னு சொல்லிப்போட்டாளுங்க. என்ன நெனச்சுக் கேட்டீங்கம்மா?" என்றார் பூசாரி. சாந்தாமணியை அழைத்துவந்து, மாடியில் கட்டுகிற ரூமில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன் என்றேன். உன் மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரூமைப் பற்றிச் சொல்கிறேன். போன வருஷம் பெருந்துறை டி.பி. ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்த அன்று, வராந்தாவில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் கட்டில் போட்டிருந்தார்கள். வெளிச்சமும் காற்றும் பாதி மருந்து என்று அங்கே ஒரு நர்ஸம்மா சொன்னது என் மனசிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் மொட்டைமாடியில் பன்னிரண்டுக்குப் பத்து அளவில், மூன்று பக்கம் கண்ணாடி வைத்துக் கட்டச் சொன்னேன். கண்ணாடி, கதவு வேலைக்கு உக்கடத்திலிருந்து அப்துல் மஜீத் பாய் வருகிறார். பன்னிரண்டு மாதமும் இருக்கிற மாதிரி யோசித்து யோசித்துச் செய்கிறோம். மார்கழி, தையில் காலை வெயில் கட்டில்மேலேயே விழும். பங்குனி, சித்திரைக்கு மூங்கில் தட்டி. அதைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் கட்ட வேண்டுமாம், உள்ளே கட்டினால் சூடு உள்ளேயே நின்றுவிடும் என்கிறார் பாய். கூரைமேல் கீற்று வேய்ந்துவிடலாம். ஆனி, ஆடிக் காற்றுக்குச் சட்டத்தைச் சுற்றி ரப்பர். ஐப்பசி மழைச் சாரல் அடிக்காமல் கூரையை இரண்டடி வெளியே நீட்டி இறக்கு.

உள்ளே ஒரு இரும்புக் கட்டில், புது இலவம்பஞ்சு மெத்தை, சென்னிமலைப் போர்வை, கைவைத்த பிரம்பு நாற்காலி ஒன்று, சாமி படத்துக்கு ஒரு மாடம், உனக்கென்று தட்டு, டம்ளர், தண்ணீர்ப் பானை. படி வெளியிலிருந்தே ஏறுகிறது. நீ வீட்டுக்குள் புகுந்து சிரமப்பட்டு வர வேண்டியதில்லை. பாப்பா வாசலில் விளையாடினால் உனக்கு நன்றாகத் தெரியும். அவளும் அண்ணாந்து உன்னைப் பார்த்துக்கொள்வாள்.

மாசி பத்துக்குள் முடிந்துவிடும். திரைச்சீலைக்குப் பச்சை எடுக்கட்டுமா, மஞ்சளா?

இப்படிக்கு,
அத்தை நஞ்சம்மாள்


காரமடை,
7.2.1995

அன்புள்ள அத்தைக்கு சாந்தாமணி வணக்கம் சொல்லி எழுதுவது.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பச்சையோ மஞ்சளோ உங்கள் விருப்பம். இவ்வளவு யோசித்து யாரும் எனக்கு ஒரு ரூம் கட்டியதில்லை. அதை மறக்க மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீங்க. நாற்காலி ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மாடிக்கு வந்தால் எங்கே உட்காருவார்? நீங்கள் வந்தால்? கட்டிலும் ஒருவர் படுக்கிற கட்டில்தானே? என் மகள் எங்கே படுப்பாள்?

டாக்டர் எழுதிக் கொடுத்ததை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஒன்பது மாதம் ஒரு வேளை விடாமல் மாத்திரை சாப்பிட்டேன். சளி பார்த்தது மூன்று தடவையும் சுத்தம். இனி என்னிடமிருந்து யாருக்கும் வராது என்று கையெழுத்துப் போட்டே கொடுத்திருக்கிறார். இங்கே அண்ணன் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். அண்ணி கேலி செய்கிறாள்: "வந்தப்ப வெளக்குமாத்துக் குச்சியாட்ட இருந்தீங்க அம்மணி. இப்ப என்ர ஜாக்கெட்டே உங்களுக்குப் பத்தறதில்ல."

பாப்பாவைப் பார்த்துப் பத்து மாதம் ஆகிறது, அத்தை. அண்ணாந்து பார்த்துக்கொள்வாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நானென்ன கோபுரமா, அவள் கீழே நின்று கும்பிட்டுவிட்டுப் போக?

அடுத்த வாரம் இங்கே அரங்கநாதர் தேர். உங்கள் மகனோடு பாப்பாவை அனுப்பிவையுங்கள். ஒரு நாள் போதும். அதோடு, மறுபடி பூக்கேட்டால் இதையும் கேளுங்கள்: பாப்பா என் மடியில் உட்காரலாமா என்று.

உங்கள்,
சாந்தாமணி


மருதமலையான் துணை

வடவள்ளி,
17.2.1995

சாந்தாமணிக்கு அத்தை எழுதுவது.

தேருக்குப் பாப்பாவை அனுப்பவில்லை. அந்தக் கூட்டத்தில், அந்தத் தூசியில் சின்னக் குழந்தைக்கு என்ன வேலை? நீ வருத்தப்படுவாய் என்று தெரிந்தேதான் அனுப்பவில்லை.

நாற்காலி கேட்டாயல்லவா, இன்னொன்று வாங்கியாகிவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மொட்டைமாடியில் நிழலாகப் போட்டிருக்கிறேன். அருள்குமார் அதில் உட்கார்ந்துகொண்டு உன்னோடு பேசலாம். ஜன்னலைத் திறந்தால் நன்றாகக் கேட்கிறது. நானும் உன் மாமாவும் பேசிப் பார்த்தோம்.

மஜீத் பாய் நேற்று என்னோடு சண்டைக்கு வந்துவிட்டார். கதவுக்குத் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் போடுங்கள், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் என்றேன். பாப்பா படியேறி ஓடிவிடுகிற பெண், உனக்குத் தெரியாதா?

"உள்பக்கம் வேண்டாமுங்களா?" என்றார்.

"வேண்டாம். வெளியில போதும்."

"குழந்தைக்கு எட்டாதுங்க, சரி. உள்ள இருக்கறவங்களுக்கும் எட்டாதுங்களே?"

"உங்களுக்குச் சொன்னதைச் செய்யுங்க பாய்."

"முப்பது வருசமா கதவு போடறனுங்கம்மா. கோழிக்கூண்டுக்குத்தான் இப்பிடிப் போட்டிருக்கேன்" என்று சொல்லி உளியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர், அன்றைக்குத் திரும்பவே இல்லை. ஊரில் எல்லோருக்கும் என்னைப் பார்த்தால் இளக்காரம்.

நீயும் என்னை ராட்சசி என்றுதான் நினைப்பாய். என் தங்கை மாராத்தாளை உனக்குத் தெரியாது. ஐம்பத்தெட்டாம் வருஷம் இதே சீக்கு அவளுக்கு. சரியாகிவிட்டது, கூட்டிப் போங்கள் என்றுதான் அப்போதும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தாள். நாற்பதாம் நாள் அவள் கைக்குழந்தை போயிற்று. பிறகு அவளும் போனாள். அந்தக் குழந்தையை அவள் கையில் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். இதை உன் மாமாவிடம்கூட நான் பேசியதில்லை.

டாக்டர் கையெழுத்தைப் படித்தேன். எனக்குப் படிப்பு இல்லை. கடலை மடித்து வந்த காகிதத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றவள் நான். ஆனால் அம்மன் வாக்கு எனக்குப் புரியும். அம்மன் கொடுத்தது மாடிக்குத்தான். அதை மீறச் சொல்லாதே.

திரைச்சீலை பச்சையே எடுத்துவிட்டேன்.

நஞ்சம்மாள்


காரமடை,
22.2.1995

அத்தைக்கு,

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டேன். "அம்மன் சொல்லிப்போட்டா, அம்மாவும் சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மாராத்தாள் சித்தியை நினைத்து அழுதேன். அந்தக் காலத்தில் இந்த மாத்திரை எத்தனை பேருக்குக் கிடைத்தது? அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது, நான் பிழைத்தேன். பிழைத்தவளைக் கண்ணாடிக்குள் வைக்காதீங்க.

மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அண்ணனும் நானும் வருகிறோம். மாடி ஏற மாட்டேன். வாசலில் நின்று என் மகளையும் அவள் துணிமணியையும் வாங்கிக்கொண்டு போய்விடுவேன். அம்மன் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பாவம் என்னோடு போகட்டும். அந்த ரூம் வீணாகாது. மிளகாய் காயப்போட அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சாந்தாமணி


வடவள்ளி,
25.2.1995

சாந்தாமணி கண்ணுக்கு,

மேலே சாமி பேர் எழுதவில்லை. இதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தப் பேரை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அமாவாசையன்று நான் அம்மனிடம் மாடி ரூமைப் பற்றிக் கேட்கவே இல்லை. "பாப்பாவை அவள் அம்மா மடியில் விடலாமா, தாயே?" என்றுதான் மனசுக்குள் கேட்டேன். சிவப்பு வரும், வந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது என்று நம்பிப் போனேன். உன் மகள் கையை நீட்டி வெள்ளையை எடுத்தாள். பூசாரி என்ன நினைத்தீர்கள் என்று கேட்டதும் என் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது. நீ அதே கேள்வியைக் கேட்கச் சொல்லி எழுதியபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அம்மன் சரி என்றாள். வேண்டாம் என்றது நான்.

உன் கடிதம் வந்த பிறகு இன்று காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உன் மாமாவிடமும் அருள்குமாரிடமும் சொல்லிவிட்டேன். உன் மாமா தட்டைத் தள்ளிவைத்தார். "அம்மன் பேர்லயா பொய் சொன்னே? என்ர கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன உன்னைய முழுங்கியா போட்டிருப்பேன்?" என்றார். அருள்குமார் எழுந்து போய்க் கை கழுவினான். பிறகு சொன்னான்: "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அவளப் பாத்துட்டு வந்து, தலைக்குத் தண்ணி ஊத்திட்டுத்தானுங்கம்மா புள்ளையத் தொட்டேன். அம்மன் வாக்குன்னு நெனச்சுத்தான் மாடிக்கும் தலையாட்டுனேன்." பட்டறைக்குப் போனவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

என் பயம் போகவில்லை, கண்ணு. போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். பாப்பா இருமினால் எனக்கு மாராத்தாள் குழந்தை ஞாபகம் வரும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், உன் தலையில் போட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை நீ வந்தால் பாப்பாவை வாசலில் நிறுத்தி வாங்கிப்போக வேண்டியதில்லை. உள்ளே வா. அவளிடம் சொல்லிவிட்டேன். "அம்மா வந்தா என்னயத் தூக்குவாளா, நான் கனமாயிட்டனே?" என்று கேட்கிறாள். அவள் கவுன்களைத் துவைத்து மடித்திருக்கிறேன். காரமடைக்குத்தான் கூட்டிப்போவேன் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவேன். இங்கேயே இருப்பதென்றால் கீழே உன் ரூம் உன்னுடையது. மேலே கட்டினதை என்ன செய்வது என்று நீயும் அவனும் பேசிக்கொள்ளுங்கள். அதில் இனி நான் ஒரு கோரைப்பாய்கூடப் போட மாட்டேன்.

நீ இருக்க வருகிறாயா, கூட்டிப்போக வருகிறாயா? எதுவானாலும் எனக்கு முன்னாலேயே தெரிந்தால் பாப்பாவிடம் சரியாகச் சொல்லிவைப்பேன். வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கிற மாதிரி உடனே ஒரு வரி பதில் போடு.

நஞ்சம்மாள்