லைன் போகாத தெருக்கள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து ஏழு கம்ப்ளெய்ன்ட். நான்கு இடத்தில் அணில் ஒயரைக் கடித்திருக்கிறது. அதில் அப்படி என்ன ருசி அதற்கு? பல நாள் சந்தேகம் எனக்கு.

ஏணியோடு போன தம்பி பிரவீன்ராஜ் மூன்று மணிக்குத்தான் சாப்பிட வந்தான். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடுதாசியை வைத்தான். கேபிள் ஆபரேட்டர் சங்கத்திலிருந்து வந்தது. எங்கள் ஆற்றுத்திடல் பேரூராட்சி வீடு வீடாக இலவசமாக நெட் கொடுக்கப் போகிறதாம். இருபத்து நாலாம் தேதி மக்கள் கருத்துக் கேட்கிற கூட்டம். அதற்குள் எதிர்த்துக் கையெழுத்து வாங்க வேண்டுமாம்.

"நீ போக்கா. உன் முகத்துக்குத்தான் ஜனம் கையெழுத்துப் போடும்" என்றான்.

அப்பா மொட்டைமாடியில் டிஷ் வைத்து ஆரம்பித்த தொழில். இப்போது டி.வி.யைவிட நெட்தான் ஓடுகிறது. நானூற்றுச் சொச்சம் வீடு. தம்பி, அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் — எல்லாருக்கும் சோறு அந்த ஒயரில்தான். போகாமல் இருக்க முடியுமா?

கடுதாசியில் ஒரு வரி: ‘தண்ணீரே ஒருநாள் விட்டு ஒருநாள் விடுகிறவர்களா நெட் விடப் போகிறார்கள்?’ சிரித்துவிட்டேன். அப்புறம்தான் யோசனை வந்தது. தண்ணீர் பேரூராட்சியுடையது. தெருவிளக்கு பேரூராட்சியுடையது. நெட் மட்டும் எங்களுடையது என்று யார் பிரித்துக் கொடுத்தார்கள்?

ஜூன் 11, புதன்

முதல் கையெழுத்து, பள்ளிவாசல் தெரு ஷரபுன்னிசா அக்கா. வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். டிசைனெல்லாம் போனில்தான் வரும், நெட் இல்லையென்றால் அவருக்குக் கை ஓடாது. கடுதாசியை இரண்டு தரம் படித்தார்.

"உன்னுது நின்னா உனக்குப் போன் போடுவேன் ஆன்சி. அவங்களுது நின்னா யாருக்குப் போடறது?"

"அதான்க்கா நாங்களும் கேக்குறோம்."

கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது, "ஆனா அவங்க வந்துட்டா நீ விலையக் குறைப்பேல்ல? அப்ப வரட்டுமே" என்று சிரித்தார்.

எதிர்த்துக் கையெழுத்தும் போட்டு, வரட்டும் என்றும் சொன்னால் அதை நான் எந்தப் பக்கம் எழுதிக்கொள்வது?

ஜூன் 13, வெள்ளி

தொண்ணூற்றாறு கையெழுத்து. செருப்பு வார் அறுந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

பாலக்கரை சர்ச்சில் பூசை முடிந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டில் முருகானந்தம். ஆறாவது வார்டு உறுப்பினர். காந்தி மார்க்கெட்டில் வாழையிலைக் கட்டு இறக்கிவிட்டுத் திரும்புகிறார். இந்த நெட் யோசனையே அவருடையதுதான். பார்க்காத மாதிரி இருந்துவிடலாமா என்று நினைத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்க வயித்துல ஏங்க அடிக்கிறீங்க?"

"ஐயய்யோ, இது ரோடு மாதிரிங்க. பேரூராட்சி ரோடு போட்டா அது பஸ்காரர் வயித்துல அடிக்கிறதா?"

"ரோடு போடறவரு, ரோட்டுல யாரு எங்க போறாங்கன்னு எழுதி வைக்க மாட்டாரு. நெட்டு கொடுக்கிறவரு கையில அது இருக்கும். நாளைக்கு உங்களப் பிடிக்காத ஒருத்தன் என்ன பாக்குறான்னு நீங்க பாக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"அத நான் யோசிக்கலைங்க" என்றார். அரசியலில் இருப்பவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை! பாலம் வந்ததும் அவர் கேட்டார்: "உங்க லைன் எந்தெந்தத் தெருவுல இல்ல?"

எந்த போஸ்ட்டில் எந்த வீட்டு ஒயர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இல்லாத தெருவை ஒருநாளும் எண்ணியதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

லைன் படத்தை மேசையில் விரித்துப் பார்த்தேன். நான்கு தெரு காலி. பெரியது கொள்ளிடக் கரைத் தெரு, முப்பத்தொரு வீடு.

"ஒரு போஸ்ட் கிடையாது அங்க. அவ்ளோ தூரம் இழுத்து எத்தன பேரு கனெக்‌ஷன் எடுப்பான்? கட்டாதுக்கா" என்றான் பிரவீன். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

சாயங்காலம் நானே போனேன். கரை மேல் ஒரு பெண், வேப்பங்கிளையின் கவட்டில் போனைச் செருகிவிட்டு, அதன் முன்னால் இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தாள். குளவி ஏதும் துரத்துகிறதோ என்று முதலில் பயந்தேன். கிட்டப் போனால், போனுக்குள்ளே ஒரு ஆளும் அதேபோல் கையை ஆட்டுகிறார்.

பெயர் அமிர்தம். புருஷன் மருதை திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இரண்டு பேருக்கும் காது கேட்காது, பேச்சும் கிடையாது. கூட நின்ற நாத்தனார்தான் விவரம் சொன்னார். "படிக்கத் தெரியாதுங்க ரெண்டு பேருக்கும். மெசேஜ் அனுப்பி என்ன பண்றது? மொகத்தப் பாத்துக் கையால பேசினாத்தான் உண்டு. வீட்டுக்குள்ள சிக்னல் சுத்தமா கெடையாது. மழ பேஞ்சா அன்னிக்குப் பேச்சு இல்ல."

நடுவில் படம் நின்றுவிட்டது. அமிர்தம் என்னைப் பார்த்து, தன் வலது கையைப் பாதி தூக்கியபடி அப்படியே நிறுத்திக் காட்டினாள். முகத்தையும் அசையாமல் வைத்துக்கொண்டாள். பாதி வார்த்தையில் நின்றுபோன மருதை! பிறகு அவளே சிரித்தாள்.

கையெழுத்துத் தாள் பைக்குள்ளேயே இருந்தது. எடுக்கவில்லை.

ஜூன் 18, புதன்

சொல்லியிருக்கக் கூடாதோ? சாப்பிடும்போதே பிரவீனிடம் சொன்னேன். கரைத் தெருவுக்கு நாமும் போக மாட்டோம், போகிறவனையும் தடுத்தால் எப்படிடா என்றேன்.

சோற்றில் கை வைத்தபடியே கத்தினான். "நீ யாரு பக்கம்? இருபது வருஷமா போஸ்ட்ல ஏறுறேன். ரெண்டு தரம் விழுந்திருக்கேன். நாளைக்கு ஓசி நெட் வந்தா எவன்க்கா என்னக் கூப்பிடுவான்?"

அவன் விழுந்தப்ப ஆஸ்பத்திரியில கூடவே கெடந்தது நான்தான. அவன் பயம் எனக்குத் தெரியாதா? எனக்கும்தான் பயமா இருக்கு. ஆனா அந்தக் கை நின்னது கண்ணுலயே இருக்கே.

ஜூன் 24, செவ்வாய்

கூட்டம் முடிந்தது. எழுதிவிடுகிறேன்.

பேரூராட்சி மண்டபம் நிறைய ஆட்கள். சங்கச் செயலாளர் அற்புதசாமி அண்ணன் முன் வரிசையில். பிரவீன் அவருக்குப் பக்கத்தில். என் பெயரைக் கூப்பிட்டதும் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தைத் தலைவர் மேசையில் வைத்தேன். அதோடு உட்கார்ந்திருந்தால் சரியாகப் போயிருக்கும்.

"எங்க லைன் இருக்கிற தெருவுக்கு நீங்க வர வேண்டாம்" என்றேன். "கடை வச்சிருக்கிறவன் வாசல்ல நீங்க இன்னொரு கடை போடாதீங்க. நீங்க ஓசியா கொடுக்கலாம், எங்களால முடியாது." கை தட்டினார்கள். அப்புறம் பைக்குள்ளிருந்து இன்னொரு தாள் எடுத்தேன். "இந்த நாலு தெருவுக்கு நாங்க போகல. கட்டாது, அதனால இனிமேயும் போக மாட்டோம். அங்க நீங்க போங்க. ஆனா யாரு என்ன பாக்குறாங்கன்னு ஆபீஸ்ல யாரும் பாக்கக் கூடாது. அத எழுத்துல கொடுங்க."

இப்போது கை தட்டல் இல்லை. அற்புதசாமி அண்ணன் எழுந்து, "கூடப் பொறந்தவனே வேணாம்னு ஆயிடுச்சு, அப்புறம் சங்கம் எதுக்கு?" என்று வெளியே போனார். அவரோடு பத்துப் பேர். முருகானந்தம் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தால் வண்டி நிறுத்தின இடம் காலி. பிரவீன் போய்விட்டான். வீடு வரைக்கும் நடந்தேன்.

ஜூன் 25, புதன்

பேசவில்லை.

ஜூலை 7, திங்கள்

இன்னும் பேசவில்லை. கம்ப்ளெய்ன்டைத் தாளில் எழுதி வைக்கிறேன். எடுத்துக்கொண்டு போகிறான்.

சங்கத்திலிருந்து எங்களை நீக்கிவிட்டார்கள். அடுத்த ஏரியா ஆபரேட்டர் எங்கள் தெருக்களில் ஒயர் இழுக்கிறான். இருபத்திரண்டு வீடு அவனிடம் போய்விட்டது. ஷரபுன்னிசா அக்கா போகவில்லை. ஆனால் என்னை விலையைக் குறைக்க வைத்துவிட்டார்.

செய்தது சரிதானா? நாளைக்குக் கேட்டால் வேறு பதில் சொல்வேனோ என்னவோ.

ஆகஸ்ட் 21, வியாழன்

நான்கு தெருவுக்கு மட்டும், ஆறு மாதம், சோதனையாக நெட் கொடுப்பதென்று பேரூராட்சியில் தீர்மானமாம். பார்க்கிற விவரத்தைச் சேர்த்து வைக்கக் கூடாது என்று ஒரு வரியும் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு அப்புறம் என்ன என்று கேட்டேன். "தெரியலைங்க" என்றார் முருகானந்தம்.

போஸ்ட் நட்டு ஒயர் இழுக்க, பழுது பார்க்க, உள்ளூர் ஆள் தேவையாம். சங்கத்தில் ஒருவரும் மனுப் போடவில்லை. விண்ணப்பத்தை வாங்கிவந்து பிரவீன் மேசையில் வைத்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

மேசையில் விண்ணப்பத்தைக் காணோம். கிழித்துப் போட்டிருப்பான்.

அக்டோபர் 14, செவ்வாய்

இருட்டுகிற நேரத்தில் வந்தான். சட்டையெல்லாம் கரை மண். கைகூடக் கழுவாமல் நேரே என் நாற்காலிக்கு எதிரில் வந்து நின்றான்.

"அக்கா, கரைத் தெருவுல இன்னிக்கு லைன் விட்டாச்சு. அந்தம்மா வீட்டுக்குள்ளயே, அடுப்படியில நின்னு பேசினாங்க."

நான் பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்தேன். நாலு மாதத்துக்கு அப்புறம் ‘அக்கா’. விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை, மனுப் போட்டிருக்கிறான்.

"லைன் நல்லா இருக்கான்னு கேக்கணும். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. கட்டைவிரலத் தூக்கிக் காட்டினேன். அவங்க போனுக்குள்ள இருந்த வீட்டுக்காரருகிட்ட என்னக் காட்டி என்னமோ சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு. அப்புறம் என்னப் பாத்து இப்படிப் பண்ணாங்க." மண் ஒட்டிய விரல்களை நெஞ்சருகே குவித்து, மெதுவாக முன்னால் விரித்தான். "இதுக்கு என்னக்கா அர்த்தம்?"

நானும் அதேபோல் செய்து பார்த்தேன். தெரியவில்லை. அவன் இன்னொரு தரம் செய்தான், இல்லை, கை இன்னும் மேலே என்று திருத்தினான்.

நாளைக் காலை முதல் வேலையாக இருவரும் கரைத் தெருவுக்குப் போய் அந்த நாத்தனாரிடம் கேட்டுவிட வேண்டும்.