எந்தக் கை

வெள்ளி இரவு, சேத்தியாத்தோப்பு

கணையப் புற்று ஈரலுக்கும் பரவிவிட்டதால், புது மருந்துச் சோதனையில் சேர்க்க மாமாவைச் சிதம்பரம் கூட்டிப்போனேன். "புது மருந்தா, பழைய மருந்தா, எந்த ஆர்ம்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும்" என்றார் டாக்டரம்மா. ஆர்ம் என்றால் குழுவாம். மாமாவுக்கு அது கை. சட்டையைச் சுருட்டி வலது கையை நீட்டினார்.

"இதுலயே போடுங்க மேடம். இடது கை இவளுக்கு வேணும். கல்யாணமானதுலேருந்து பஸ்ஸுல அதப் புடிச்சிக்கிட்டுதான் தூங்குவா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். எனக்கென்ன அப்படிச் சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது?

நாளைய பரிசோதனைகளுக்காக அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். துணைக்குத் தம்பியை விட்டுவிட்டு, நான் மட்டும் திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். சில்லென்றிருந்தது. தூக்கம் வரவில்லை.

இப்போதும்தான்.