கம்பளிக்கு உரியவன்

மார்கழி 3, வியாழன்

பனி. எதிரில் நிற்பவன் மூக்குகூடத் தெரியவில்லை. ஷிப்டு முடிந்து சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவர்களை வழக்கம்போல் கேட்டில் நிறுத்திச் சோதனை. தலைப்பாகை, இடுப்புத் துணி, வெற்றிலைப் பை. தங்கக் கல் ஒளித்திருக்கிறார்களா என்று தடவிப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். ஒருத்தன் தலையில் பேன் மட்டும் அகப்பட்டது. "இது தொரைங்க சொத்து இல்ல, நீயே எத்துக்கினு போ" என்றேன். வரிசை முழுக்கச் சிரிப்பு.

கேட்டில் சிரிப்பார்கள். கடைத்தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பதினோரு வருஷமாய் இதே கதை.

வாங்க: புளி, உப்பு, விளக்கெண்ணெய். செருப்பு தைக்க.

மார்கழி 4, வெள்ளி

ஆண்டர்சன்பேட்டை சர்ச்சுக்கு ஒரு வாத்தியார் வந்திருக்கிறாராம். ஆற்காட்டுப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் யாராவது இங்கே உண்டா என்று விசாரிக்கிறாராம். நான் அங்கேதான் மூணாங்கிளாஸ். சாயங்காலம் போனேன்.

பார்த்தால் தேவசகாயம். (இனி தே. பேர் நீளம்.) ஒரே பாயில் உட்கார்ந்தவன். நான் மூன்றோடு நின்றேன், அவன் பட்டணத்துக் காலேஜ் வரை போனான். முப்பது வருஷம். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதான். பாலாற்று வெள்ளத்தில் போனவனை இழுத்துக் கரை சேர்த்தது நான்தானாம். பேர் மறந்துவிட்டது, முகம் மறக்கவில்லை என்றான்.

இழுத்தது நான் இல்லை. முனுசாமி. அதே கிளாஸ் பையன். நான் கரையில் நின்று கத்தினேன், அவ்வளவுதான்.

"பின்ன, வேற யாரு? அப்பவே நீ கல்லு கனம்" என்றேன். வேடிக்கைக்குச் சொன்னது. அவன் கட்டின கையை எடுக்கவில்லை. நானும் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். ரசம், சுட்ட கருவாடு. பெண்சாதி செத்த பிறகு இந்த வீட்டில் இரண்டாவது தட்டைத் தேட வேண்டியிருந்தது. தே. சொன்னவை: பெண்கள் நாலு. பல் மூன்று போச்சு. அந்த ஆற்றை நினைக்காமல் ஒரு நாளும் ஜெபம் பண்ணினதில்லை.

மார்கழி 5, சனி

தே. கேட்டுக்கே வந்துவிட்டான். இவன் எனக்கு உயிர் கொடுத்தவன் என்று அத்தனை பேர் எதிரில் சொன்னான். ஒருத்தன் போகும்போது எனக்கு வணக்கம் வைத்தான். துணியை அவிழ்த்துக் காட்டின பிறகு வணக்கம் வைத்தவன் இவன் ஒருத்தன்தான்.

அப்புறம் பெட்டியிலிருந்து கம்பளி எடுத்தான். நீலக் கரை போட்டது. என்றைக்காவது கண்டுபிடித்தால் போர்த்துவதற்கென்று வைத்திருந்ததாம். அவனே போர்த்திவிட்டான். நல்ல சூடு.

தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். நான் இல்லடா, அது முனுசாமி என்று.

விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னும் உன் கேலி போகலியே." மறுபடி சொன்னேன். மறுபடி சிரித்தான்.

இத்தோடு விட்டுவிடலாம். திங்கட்கிழமை ஊருக்குப் போகிறவன். வருஷத்துக்கு ஒரு கடிதாசி போடுவான். எனக்குக் கடிதாசி போட வேறு யார்?

ஆனால் முனுசாமி பக்கத்தில்தான் இருக்கிறான். பேத்தமங்களாவில் கத்தரித் தோட்டம். நாலு வருஷத்துக்கு முன்னால் அவனும் இந்தச் சுரங்கத்தில்தான். தலைப்பாகை மடிப்பில் கல் வைத்திருந்தான். எடுத்துத் துரையிடம் கொடுத்தவன் நான். ஆறு மாசம் ஜெயில். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை.

மார்கழி 6, ஞாயிறு. லீவு

கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு இடம் காட்டுகிறேன் வா என்று தே.யை ஜட்காவில் ஏற்றினேன். வழியெல்லாம் அவன்தான் பேசினான்.

முனுசாமி பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முதுகைக் காட்டினான். அப்புறம் கூட வந்தவனைப் பார்த்தான். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கிட்டே வந்து அந்தக் கிராப்புத் தலையையே பார்த்தான்.

"குடுமி எங்கடா? அதப் புடிச்சுதானே உன்ன இஸ்தேன்."

தே. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். குடுமி சங்கதியை அவன் என்னிடம் சொல்லவே இல்லை. எனக்கும் ஞாபகம் இல்லை. என் பக்கம் திரும்பி, இரண்டு நாளாய் என்னை ஏமாற்றினாயா என்று கேட்டான். கம்பளியை முனுசாமியிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டான்.

பதிலும் அவன்தான் சொன்னான், என்னைப் பார்க்காமல்.

"அவன் ஏமாத்தற ஆளு இல்ல. கைல இன்னா கெடச்சாலும் கொண்டுபோயி ஒப்படச்சுடுவான். எனக்குத் தெரியாதா."

முனுசாமி பெண்சாதி உள்ளே இலை போட்டாள். இரண்டு இலை. எனக்கு ஷிப்டு இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமையில் என்ன ஷிப்டு என்று யாரும் கேட்கவில்லை. ஜட்காவைத் தே.க்கு விட்டுவிட்டு நடந்தே வந்தேன். செருப்பு தைக்கவில்லை, கால் கொப்புளம்.

மார்கழி 7, திங்கள்

பனி விடவில்லை. தே.க்கு ஏழரை மணி வண்டி. எனக்கு ஏழுக்குக் கேட்டு. ஒரு மணி நேரம் லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வண்டி ஊதினபோது ஒருத்தன் சோதனைக்காக வாயைத் திறந்து காட்டிக்கொண்டு எதிரில் நின்றான். மூடச் சொல்ல மறந்துபோனேன்.