ஆற்றுச் சேற்றுக்கு அடியில் கடல்மணல்

என் ஆசை மச்சான் பிலிப்பு,

அலுத்துப்போனேன் மச்சான். முழங்கால்வரை சேறு. கழுவ எழும்பவும் மனமில்லாமல், கொட்டாஞ்சேனையில் உன் வீட்டு வாசற்படியிலேயே குந்திக்கொண்டு, ஆழம் குறிக்கிற கொப்பியின் கடைசித் தாளில் பென்சிலால் எழுதுகிறேன். உன் பெண்சாதி மதலேனா உள்ளே சீலை மாற்றுகிறாள்.

நீ போய் இரண்டு வருஷம். இந்த வைகாசி மழைக்குக் களனி ஆறு பெருகி மட்டக்குளிப் பக்கமெல்லாம் ஏறிவிட்டது. நீ கிடக்கிற சவக்காலையும் தப்பவில்லை. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஐயோ, மேடும் இல்லை, சிலுவையும் இல்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் இருந்து கரைந்து வந்த செம்மண் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக மூடியிருந்தது. கல் வைப்போமா என்று மதலேனா கேட்டபோது, பலாப்பலகைச் சிலுவை போதும், பிறகு பார்ப்போம் என்று சொன்னவன் நான்தானே.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவள் உன் மகளையும் கூட்டிக்கொண்டு மெழுகுதிரியோடு வந்தாள். "எது அண்ணா அவரிட இடம்?" என்றாள். இருபது வருஷமாகத் துறைமுகத்தில் ஆழம் பார்த்துத் துரைக்குக் கூவிச் சொன்ன வாய் இது. தெரியாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தொப்பியைக் கழற்றி, ஒரு தென்னைமரத்தடியைக் காட்டி, "இதுதான்" என்றேன். அவள் முழந்தாளிட்டுத் திரியைக் கொளுத்தினாள். எந்தப் பாவிக்குக் கொளுத்தினாளோ! அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று வள்ளத்தில் வழக்கம்போல ஈயக்குண்டின் அடிக்குழியில் மாட்டுக்கொழுப்பை அப்பிக் கயிற்றில் இறக்கினேன். அடியில் கிடப்பது கொழுப்பில் ஒட்டிவருமே, அதை நீ விரலில் நசித்துப் பார்ப்பாய். "இது ஆத்துச் சேறு துரை. இது கடல்மணல், சிப்பி கிடக்கு" என்பாய். "ஓடுற தண்ணி பருமணல முதல்ல போடும். களைச்சு நிண்டாப் பிறகுதான் சேத்தப் போடும்" என்று எனக்கும் சொல்லுவாய். நேற்றும் சிப்பித்தூள்தான் வந்தது. அதைப் பார்த்தபடியே இருந்தவனுக்குச் சட்டென்று பொறிதட்டியது.

நம் வள்ளத்தில் ஒருவன் செத்தால், துறைமுகத்து அடிமணலில் ஒரு வாளி கொண்டுபோய் அவன் குழிமேல் கொட்டுவது நம் வழக்கமல்லவா? உனக்குக் கொட்டியது நான். அந்தச் சவக்காலையில் நம் வள்ளத்துக்காரன் நீ ஒருவன்தான்.

விடிந்ததும் ஓர் இரும்புக் குழாயின் வாயில் கொழுப்பை அடைத்துக்கொண்டு போனேன். குத்துவேன், இழுப்பேன், பார்ப்பேன், துடைப்பேன். ஆற்றோரமாகப் பருமணல். பின்மதிலை நெருங்க நெருங்க வெண்ணெய் மாதிரிச் சேறு; ஆறு அங்கே வந்துதான் களைத்து நின்றிருக்கிறது. அடியில் வந்ததெல்லாம் பழைய கறுப்பு மண். காவற்காரன் சிங்களத்தில், "மஹத்தயா, புதையலா தேடுறீங்க?" என்றான். ஓம் என்றேன். எத்தனை குத்து என்று எண்ணவில்லை, தோள் கழன்றுவிட்டது. இனி ஏலாது என்று மதிலில் சாய்ந்து, சும்மா ஒரு குத்துக் குத்தினேன்.

வெள்ளை மணல் மச்சான். சிப்பித்தூள். அந்தச் சேற்றிலேயே இருந்து அழுதேன். பிறகு குழாயை அங்கேயே அடையாளமாக நட்டுவிட்டு, மணலை லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு நேரே இங்கே வந்தேன்.

"தங்கச்சி, அண்டைக்கு நான் காட்டின இடம் பிழை."

"தெரியும் அண்ணா. பொய் சொல்லேக்க நீங்க தொப்பியக் கழட்டுவீங்க எண்டு அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

"தெரிஞ்சுமா முழந்தாள் போட்டனீ?"

"அங்கயும் ஆரோ ஒருத்தர் கிடப்பார்தானே. அவருக்கு ஆர் இருக்கினமோ."

லேஞ்சியை அவிழ்த்துக் காட்டினேன். அவள் மணலைப் பார்க்கவில்லை, என் தலையைப் பார்த்தாள். தொப்பி தலையில்தான் இருந்தது. "இருங்க, சீலைய மாத்திக்கொண்டு வாறன்" என்று உள்ளே ஓடினாள். ஒரு மனிதனின் இரகசியத்தை இத்தனை மலிவாகவா நீ பெண்சாதியிடம் விற்றுவிட்டுப் போனாய்?

இந்த முறை கல் வைப்பேன். ஆனால் ஆறு திரும்ப வரும், கல்லையும் மூடும். மூடாது என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. எத்தனை தரம் மூடினாலும் அத்தனை தரம் குழாயோடு வருவேன், அதற்குத்தான் சத்தியம். எனக்குக் கால் ஏலாமல் போகிற நாளைக்கு யார் வருவது? கொழுப்பு அப்பும் விதத்தை உன் மகளுக்குப் பழக்கிவைக்கிறேன். இப்போதே பக்கத்தில் இருந்து லேஞ்சி மணலை விரலில் எடுத்து நசித்துக்கொண்டிருக்கிறாள், உன்னைப் போலவே.

மதலேனா கையில் இரண்டு மெழுகுதிரியோடு வந்துவிட்டாள். ஒன்று தென்னைமரத்தடிக்காம். எழும்புகிறேன் மச்சான்.

உன் மகளின் ஞானத்தகப்பன்,
சூசை